குதிகாலுக்கு ஆறு வியாழன்

ஜூன் 11, செவ்வாய்

இந்த டைரியை நானாக எழுத ஆரம்பிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஷைனி என்கிற பெண் எழுதச் சொன்னது. காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் அடி எவ்வளவு வலிக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் போட வேண்டுமாம். நம்பரோடு நிறுத்தியிருக்கலாம். பேனா கையில் இருந்தால் எனக்கு நிறுத்த வராது. மருமகன் கொடுத்த சிமெண்ட் கம்பெனி டைரி வேறு காலியாகக் கிடக்கிறது.

இன்றைய முதல் அடி: 8.

முறைப்படி ஆளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். திருமூர்த்தி, வயது ஐம்பத்தேழு, பொள்ளாச்சி–வால்பாறை பஸ் டிரைவர். பத்தொன்பது வருஷமாக மலை வண்டி. நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒரு நாளில் இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை இறக்கம். கிளச்சை எத்தனை முறை மிதிக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தால் பைத்தியம் பிடிக்கும். அந்த இடது காலில்தான் குதிகால் போய்விட்டது.

ஏப்ரல் கடைசியில் இருபத்து மூன்றாவது வளைவில் ஏறும்போது குதிகாலில் ஆணி அடித்தது மாதிரி இருந்தது. கால் தானாகக் கிளச்சிலிருந்து நழுவி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. உடனே பிரேக்கைப் பிடித்து மறுபடி கிளப்பிப் போய்விட்டேன். பின்னால் ஐம்பத்திரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தூக்கம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியுமே. அன்று வால்பாறையில் டீ உள்ளே இறங்கவில்லை. கீழே வந்ததும் நானே கிளை மேலாளரிடம் போய், கால் சரியில்லை சார், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன்.

மாத்திரை, இரண்டு ஊசி, செருப்புக்குள் வைக்கிற மெத்தை, எல்லாம் ஆயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எலும்பு டாக்டர், ஷாக்வேவ் என்று ஒரு வைத்தியம் இருக்கிறது, வாரம் ஒரு முறை, ஆறு வியாழக்கிழமை வாங்க என்கிறார். ஜூலை 20-க்குள் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று மேலாளர் தேதி குறித்துவிட்டார். சரியாகிவிட்டது என்று வந்தால் மலை வண்டி எனக்கு. இல்லையென்றால் ரிட்டையர் ஆகும்வரை மூன்று வருஷம் டிப்போவில் உட்கார்ந்து வண்டி போகிற நேரம் வருகிற நேரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எவனோ ஓட்டிப்போகிற வண்டிக்கு நான் நேரம் எழுதுவதா?

டிப்போவில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. காலில் கரண்ட் வைப்பார்கள், தலைமுடி நட்டுக்கொள்ளும் என்கிறான் மகுடபதி. என் சீட்டில் இப்போது அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். சிரிக்கத்தான் செய்வான்.

ஜூன் 13, வியாழன்

முதல் அடி: 8.

கரண்ட் இல்லை. காற்று.

ஓர் ஓரத்தில் கம்ப்ரஸர், அதிலிருந்து குழாய், முனையில் கைத்துப்பாக்கி மாதிரி ஒன்று. உள்ளே ஒரு சின்ன உருளை காற்றழுத்தத்தில் முன்னும் பின்னும் அடிக்கிறது. அந்த அடியின் அதிர்வுதான் தோலைத் தாண்டி உள்ளே போகிறதாம். அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்ததும் எனக்குப் பயமே போய்விட்டது. ஏர் பிரேக் முள்ளை முப்பது வருஷமாகப் பார்க்கிறவன் நான்.

ஷைனி என்னைக் குப்புறப் படுக்க வைத்து, குதிகாலில் ஜில்லென்று ஏதோ பசையைத் தடவி, டக்டக்டக்டக் என்று ஆரம்பித்துவிட்டாள். இரண்டாயிரம் அடி, எண்ணிக்கை திரையில் ஓடுகிறது. முதல் முந்நூறு அடிக்கு அவளையும் டாக்டரையும் மனதுக்குள் வைதேன். அப்புறம் கொஞ்சம் பழகியது.

பழைய காயத்தை உடம்பே மறந்துவிடுமாம். இப்படித்தான் இருக்கும் போல என்று ரிப்பேர் வேலையை நிறுத்திவிடுமாம். இந்த அடி அதை எழுப்பிவிடுகிறது, புது ரத்த ஓட்டம் வருகிறது, நாரை உடம்பே சரிசெய்துகொள்கிறது என்றாள். டிப்போவில் ரிப்பேர் எழுதிப்போட்டால் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான், நேரில் போய் மேஜையைத் தட்டினால் ஸ்பானரோடு வருவான். அதே கதைதான். கத்தி இல்லை, ஊசி இல்லை, தட்டி எழுப்புகிறார்கள். கண்டுபிடித்தவன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

ஷைனிக்கு நாகர்கோவில். இருபத்தாறு வயதிருக்கும். கை உறுதி, வாய் அதைவிட உறுதி. வலி மாத்திரை போடக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டுக் கடைசியாகச் சொன்னாள்:

“வலிய ஒளிக்கப்பிடாது அண்ணாச்சி. நீங்க சொல்லுத நம்பர வச்சித்தான் நான் இத ஏத்தணும், எறக்கணும். மிஷினுக்குக் கண்ணு கெடையாது.”

எட்டு என்றேன். எட்டுதான்.

ஜூன் 14, வெள்ளி

9. வெறும் பேச்சில்லை, நிஜமாகவே அடி வாங்கிய கால்.

ஜூன் 17, திங்கள்

7. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்றினேன். ரசம் வைத்தேன், புளி தூக்கல். மகள் திருப்பூரிலிருந்து போன் செய்து, இங்கே வந்து இருங்கப்பா என்றாள். நான்கு நாள் இருந்தால் ஐந்தாம் நாள் எனக்கே என்னைப் பிடிக்காது. அவள் அம்மா போய் ஆறு வருஷத்தில் ஒற்றை ஆளாக இருக்கப் பழகிவிட்டது. தெருவில் மாட்டு வண்டி போனாலும் ஜன்னலுக்குப் போய் பார்க்கிறேன். வேலை இல்லாதவன் நிலைமை அவ்வளவுதான்.

ஜூன் 20, வியாழன்

7.

இன்று புதிதாக ஓர் அம்மா. வலது தோளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதாம், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் என்கிறார்கள். கை இடுப்புக்கு மேல் எழும்புவதில்லை. பெயர் சுலோச்சனா. கருப்பராயன்புதூர் ரேஷன் கடையில் விற்பனையாளர். பத்தொன்பது வருஷமாக எடை போடுகிறவர்கள். நானும் பத்தொன்பது வருஷமாக மலை ஏறுகிறவன். சும்மா எழுதி வைக்கிறேன்.

எனக்கு முடிந்து அடுத்து அவர்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஷைனி நம்பர் கேட்கிறாள். ஆறரை என்கிறார்கள். ஆறா ஏழா, ஒன்று சொல்லுங்கள் என்கிறாள் இவள்.

“ஆறுன்னா கொறையுது, ஏழுன்னா கூடுதுங்க. ஆறரைதான். எழுதிக்க கண்ணு.”

அரை கிராமைக்கூட விடமாட்டார்கள் போல. அப்புறம் டக்டக் சத்தம். நான் முதல் நாள் பல்லைக் கடித்த இடம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரவேண்டுமே, இல்லை. நடுவில், இப்ப ஏழே கால், கொஞ்சம் கீழ தள்ளி அடி, அங்கதான் சரியான எடம், என்று வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அசந்து போனேன். வலியைப் பார்த்து இப்படி நிதானமாகப் பேசும் ஆளை நான் பார்த்ததில்லை.

வெளியே பெஞ்சில், உங்களுக்குக் கால்ங்களாண்ணா என்று கேட்டார்கள். ஐம்பது வயதில் இருக்கிற பெண்களெல்லாம் என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றைக்கு ஏனோ காதில் உறுத்தியது.

ஜூன் 24, திங்கள்

5. சட்டை இரண்டை இஸ்திரிக்குக் கொடுத்தேன். எப்படியும் கொடுக்க வேண்டியதுதான்.

ஜூன் 27, வியாழன்

3.

மூன்றேதான். எழுந்து அடுப்படி வரை வந்த பிறகுதான் கால் ஞாபகமே வந்தது. இரண்டே வாரத்தில், வெறும் காற்றால். கம்ப்ரஸரைக் கும்பிடலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஏழு என்று சொன்னேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மலையில் ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கத்தில் வண்டி நன்றாகத்தானே போகிறது என்று கியரைத் தூக்கினவன் பள்ளத்தில் கிடப்பான். உடம்பும் அப்படித்தான். மூன்று என்று சொல்லி, சரியாகிவிட்டது அண்ணாச்சி, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டால்? அரைகுறை வைத்தியத்தோடு நாற்பது வளைவு ஏறுவதா? ஆறு வாரமும் முழுசாக வாங்கிக்கொள்வதுதான் புத்தி. ஷைனி அழுத்திப் பார்த்தபோது ஆ என்றேன். கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது.

முடிந்ததும் கீழே டீக்கடையில் சுலோச்சனா அம்மாவோடு டீ. மழை பிடித்துக்கொண்டதால் நிற்க வேண்டியதாயிற்று. கடையில் அவர்கள் ஒற்றை ஆள். அரிசியை அள்ளிப் போட வலது கை வராமல் இடது கையால் அள்ளிக் கற்றுக்கொண்டார்களாம். இடது கையில் அள்ளினாலும் தராசு என் பேச்சைத்தான் கேட்கும் என்றார்கள். கை எழும்பாததால் எட்டு மாதமாகத் தன் தலைமுடியைத் தானே முடிய முடியவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தலையைக் கொடுத்து உட்கார வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் வெட்கம் என்றார்கள். வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருஷம். மகன் ஓசூரில். இதையெல்லாம் பொருள் பட்டியல் வாசிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

மழை இன்னும் கொஞ்சம் பெய்திருக்கலாம்.

ஜூலை 1, திங்கள்

2. சந்தைக்கு நடந்தே போய் நடந்தே வந்தேன்.

ஜூலை 4, வியாழன்

2.

ஆஸ்பத்திரியில் ஆறு. முன்பைவிட ஒன்று குறைத்துத்தான் சொன்னேன். திடீரென்று குறைத்தால் நன்றாக இருக்காது.

ஷைனியின் முகம் சரியில்லை. இடத்தை மாற்றி மாற்றி அழுத்தினாள், ஆடுதசையில் போய்ப் பார்த்தாள், எங்கேயோ இருந்து ஒரு பேப்பரை எடுத்துப் படித்தாள். வேறு முனை மாட்டி அடித்துப் பார்க்கிறேன் என்றாள். நல்ல பெண். இவ்வளவு சிரத்தையாக வேலை பார்க்கும் ஆட்கள் குறைவு. அவள் கைராசியைப் பற்றி எனக்குத்தான் தெரியும், அவளுக்குச் சொல்லத்தான் முடியவில்லை.

சுலோச்சனா அம்மா நாலே கால். கை தோள் மட்டத்துக்கு வருகிறது. இன்று தலையைத் தானே முடிந்து வந்திருந்தார்கள். கொஞ்சம் கோணல்தான். ராஜாத்தி மாதிரி நடந்து வந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்று சொன்னார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து என் நம்பரைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்களாம். தனக்குக் குறைந்துகொண்டே வருகிறது, எனக்கு அசைய மாட்டேன் என்கிறதே என்று மனசு கேட்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஆனைமலை போய் மாசாணியம்மனிடம் என் காலுக்காக வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கெடுதல் செய்தவனைத் தண்டிக்கச் சொல்லி மிளகாய் அரைத்துப் பூசுவது அந்தக் கோயில் வழக்கம்.

“ஒருத்தரு கெடுதல் பண்ணியிருந்தா அம்மன் மேல மொளகா அரைச்சுப் பூசீட்டு வந்திருப்பனுங்க. குதிகால் வலிக்கு யாரு மேலன்னு மொளகா அரைக்கறது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று அண்ணா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இதையெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, சும்மா எழுதுகிறேன்.

ஜூலை 8, திங்கள்

1. மொட்டைமாடி ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இறங்கும்போது கடைசி மூன்று படியைக் குதித்தேன். ஐம்பத்தேழு வயதுக்கு இது தேவையா என்று கீழ் வீட்டுக்காரர் கேட்டார்.

ஜூலை 11, வியாழன்

1.

ஏழு என்று சொன்னேன். போன வாரம் ஆறு சொன்னது ஞாபகம் இருந்தது. மழை, ஈரம், அதனால் கூடியிருக்கும் என்று நானே காரணமும் சொன்னேன்.

ஷைனி போய் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். எட்டு, ஏழு, ஏழு, ஆறு, ஏழு. இந்த வைத்தியம் முழுசாகக் கேட்க மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார். ஆனால் டிப்போ இருபதாம் தேதிக்குள் பதில் கேட்கிறது, இந்த நம்பரை வைத்துக்கொண்டு மலை வண்டி ஓட்டலாம் என்று என்னால் எழுத முடியாது, பின்னால் ஐம்பது உயிர் இருக்கிறது என்றார். நான் சொல்ல வேண்டிய வசனத்தை அவர் எனக்கே சொல்கிறார். அங்கேயே உட்கார்ந்து எழுதி, கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். மலைப்பாதைப் பணிக்குத் தகுதியில்லை. கையெழுத்து, சீல்.

வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வது? பக்கத்தில் ஷைனி நிற்கிறாள். திரைக்கு அந்தப் பக்கம் சுலோச்சனா இருக்கிறார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது அவர்கள் என் கையிலிருந்த கவரைப் பார்த்தார்கள். கண் கலங்கிவிட்டது. யாருக்காகவும் கலங்குகிற ஆள் இல்லை அவர்கள். எனக்காகக் கலங்கினார்கள், அதுவும் ஒரு பொய்க்காக.

ஜூலை 12, வெள்ளி

0.

செருப்பில்லாமல் வீட்டை மூன்று முறை சுற்றினேன். பூஜ்யம்தான். கவர் டிவி மேல் இருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

0.

கவரைக் கொடுக்க டிப்போவுக்குப் போனேன். கொடுக்கவில்லை. பத்தேகால் வண்டி கிளம்புவதைக் கேட் பக்கம் நின்று பார்த்தேன். மகுடபதி இரண்டாவது கியருக்கு மாற்றும்போது அது கரகரவென்று கத்தியது. அந்த வண்டிக்கு அந்த இடத்தில் கால் கொஞ்சம் நிதானமாக எடுக்க வேண்டும், அது எனக்குத்தான் தெரியும். இந்த மழையில் அட்டகட்டிக்கு மேலே மூட்டம் இறங்கியிருக்கும், ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே ஏற வேண்டும். எனக்கு அது வேண்டும். உயிரோடு இருக்கிறவரை அது வேண்டும்.

மேலாளர் பார்த்துவிட்டு, கால் எப்படி இருக்கு திருமூர்த்தி என்றார். வியாழக்கிழமை சொல்கிறேன் சார் என்று வந்துவிட்டேன்.

டைரியைத் திரும்பப் படித்தேன். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரிய தத்துவம் எழுதி வைத்திருக்கிறேன். மண்ணாங்கட்டி. மூன்றாவது வாரம் மூன்று என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெஞ்சு இருந்திருக்காது. அவ்வளவுதான் விஷயம். இருபத்து மூன்றாவது வளைவில் ஒருவருக்கும் தெரியாததை நானாகப் போய்ச் சொன்னவன். அந்த ஆள் எங்கே போய்விட்டான்?

ஜூலை 18, வியாழன்

0.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

படுத்தேன். ஷைனி பசையைத் தடவிக்கொண்டே, இன்றைக்கு எத்தனை என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் சுலோச்சனா கயிற்றுக் கப்பியில் கையை இழுத்து இழுத்துப் பயிற்சி செய்யும் கிறீச் சத்தம்.

பூஜ்யம் என்றேன்.

போன வாரம் ஏழு சொன்னீங்களே என்றாள். போன வாரம் ஒன்று, அதற்கு முந்தின வாரம் இரண்டு, அதற்கும் முந்தி மூன்று என்று சொன்னேன். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். கப்பிச் சத்தம் நின்றுபோனது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் உடைந்துவிட்டது.

“என் கையிலதான் கோளாறுன்னு நெனச்சேன் அண்ணாச்சி. எடம் தெரியாம அடிக்கேனோன்னு ரெண்டு நாளு சோறு எறங்கல. ஒங்கள வேற ஆளுக்கு மாத்திவிடுங்கன்னு டாக்டர்ட்ட சொல்லியாச்சு. எதுக்கு இப்பிடிச் செஞ்சீங்க?”

தப்பு என்மேல்தான், உன் கை மாதிரி கை கிடையாது, முதல் நாளே என் குதிகால் உன் கையை நம்பிவிட்டது என்று என்னென்னவோ உளறினேன். உள்ளதுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

திரை விலகியது. சுலோச்சனா. இப்படி ஒரு முகத்தை நான் அவர்களிடம் பார்த்ததில்லை.

“எடையில கைவெக்கறது எனக்குப் பிடிக்காதுங்க. கொறைச்சுப் போட்டாலும் தப்பு, கூட்டிப் போட்டாலும் தப்பு. இல்லாத வலிக்கு என்னைய அம்மன்கிட்ட அழ வெச்சுட்டீங்களே.”

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தன்னுடைய ஐந்தாவது தடவையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஷைனி பின்னாலேயே ஓடிப்போய், சாயங்காலமாவது வாங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

டாக்டர் வந்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். இருபத்தைந்து தடவை. கட்டை விரலால் எலும்பு வரைக்கும் அழுத்தினார். மாடிப்படியில் மூன்று முறை ஏற்றி இறக்கினார். கிளச் மிதிக்கிற மாதிரி அவர் கையை மிதிக்கச் சொன்னார். எல்லாருக்கும் இவ்வளவு சீக்கிரம் கேட்காது, உனக்கு இரண்டரை மாத ஓய்வும் சேர்ந்து கேட்டிருக்கிறது என்றார். பழைய கவரை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். எழுதும்போது, பொய் சொல்லி லீவு வாங்குகிறவனைப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லி வைத்தியம் வாங்குகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

தகுதி உண்டு. கையெழுத்து, சீல்.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்தேன். இதற்குத்தான் இரண்டரை மாதம் தவித்தேன். பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

ஜூலை 20, சனி

சர்டிபிகேட் கொடுத்தாயிற்று. திங்கள் முதல் டியூட்டி. மகுடபதி கையைப் பிடித்துக் குலுக்கினான். மலை வேண்டாம் என்று பொண்டாட்டி அழுதுகொண்டே இருந்தாளாம், நல்ல வேளை வந்து சேர்ந்தீங்க என்றான். இவனைப் போய் எதிரி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷைனிக்கு ஒரு போன் போட்டு மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலம் சுலோச்சனா வந்து ஐந்தாவது தடவையை வாங்கிக்கொண்டு போனார்களாம். ஒன்றே முக்கால் என்று எழுதச் சொன்னார்களாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஏறினேன். நாற்பதும் ஏறினேன். ஆழியாறு தாண்டி முதல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழை நேரம், யாருக்கும் தெரியாது. இருபத்து மூன்றில் கிளச்சை மிதித்து, எடுத்து, மிதித்தேன். கால் என் கால் மாதிரி இருந்தது. கத்தி படாமல், தையல் போடாமல், ஒரு சின்னப் பெண் ஆறு வாரம் தட்டியே கொடுத்த கால் இது. வால்பாறையில் டீ அமிர்தமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது ஓர் ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஜூலை 25, வியாழன்

வார ஓய்வை வியாழனுக்கு மாற்றிக் கேட்டேன். எதற்கு என்றார் மேலாளர். ஓர் ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அதுவே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

காலில் வலி இல்லை, சீட்டு இல்லை, டாக்டர் வரச் சொல்லவும் இல்லை. பத்து மணிக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். திரை பாதி திறந்திருந்தது. உள்ளே சுலோச்சனா உட்கார்ந்திருக்கிறார்கள், இன்றைக்கு அவர்களுக்கு ஆறாவது, கடைசி. என்னைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். ஷைனி வெளியே வந்து பதறிப்போய், வலி திரும்பிடுச்சா அண்ணாச்சி என்றாள்.

எழுந்து நின்றேன். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

“வலி இல்லம்மா. அன்னைக்கி எதுக்குன்னு கேட்டியே, பதில் சொல்லாமப் போயிட்டேன். மொத ரெண்டு வாரம் காலுக்காக வந்தேன். அதுக்கப்புறம் நாலு வாரமும் சுலோச்சனாவைப் பாக்கத்தான் வந்தேன். இன்னைக்கும் அதுக்குத்தான்.”

ஷைனி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பெஞ்சில் ஒருவர் இருமினார். ஷைனி உள்ளே போய் மெஷினைப் போட்டாள். டக்டக்டக்டக் என்று இரண்டாயிரமும் ஓடி முடிகிறவரை நான் நின்றுகொண்டே இருந்தேன். இத்தனை நீளமான இரண்டாயிரத்தை என் காலுக்கு அடித்தபோதுகூட நான் அனுபவித்ததில்லை.

முடிந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பு பொடிந்து கரைந்து, ஓர் அரிசி அளவுதான் மிச்சம். நம்பர் கேட்டாள் ஷைனி. முக்கால் என்றார்கள். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். வலது கை காதை ஒட்டி நேராக மேலே போனது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். எட்டு மாதம் முடங்கிக் கிடந்த கை. இடது கையால் ஓர் ஊருக்கே படியளந்த பெண். நான் கண்ணை எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

படி இறங்கும்போது கூடவே இறங்கினேன். கடைசிப் படியில் நின்றார்கள்.

“நாலு வாரம்னு கரெக்டா சொன்னீங்க. ஆறுன்னு சொல்லியிருந்தீங்கன்னா திரும்பிப் பாத்திருக்க மாட்டனுங்க.”

நான் தலையை ஆட்டினேன். கடை காலை ஒன்பதுக்குத் திறக்கும், சாயங்காலம் ஆறு வரை இருப்பேன் என்றார்கள். எனக்கு மத்தியான வண்டி இல்லாத நாளில் நான்கு மணிக்கே டியூட்டி முடிந்துவிடும் என்றேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தார்கள். சின்ன ஊர், கடை முன்னால் எப்போதும் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், பதினொரு வருஷமாக ஒற்றையாக இருக்கிற பெண். அதெல்லாம் அவர்கள் முகத்தில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொன்னாலும் சரி என்று நின்றேன்.

“வாங்க. ஆனா வரிசையில நிக்கறவங்க எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க. அரிசி வாங்க வந்தேன்னு சொல்லக்கூடாது.”

சொல்லமாட்டேனுங்க என்றேன்.